பழைய சீட்டுக்கே திரும்பி வான்னு நெருக்குறாங்க, நான் சுயநலவாதியா அக்கா?

வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: வணக்கம் அக்கா, பேரு போட வேண்டாம். நான் ஒரு கஸ்டமர் சர்வீஸ் கம்பெனில 6 வருஷமா இருக்கேன். அதுல முதல் நாலரை வருஷம் எஸ்கலேஷன் டெஸ்க். சாதாரண ஏஜென்ட்டால சமாளிக்க முடியாம கஸ்டமர் ‘உன் மேனேஜர கூப்பிடு’ன்னு கத்துறப்ப அந்த கால் வந்து விழுற இடம் அதுதான். நான் நல்லா பண்ணினேன்னு எல்லாருமே சொல்வாங்க, ரெண்டு தடவ அவார்டு கூட குடுத்தாங்க. ஆனா கடைசி ஒரு வருஷம் வீட்ல என் சொந்த ஃபோன் அடிச்சாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், ரிங்டோன மாத்திப் பாத்தேன், அப்புறம் சைலன்ட்லயே வச்சிட்டேன், அம்மா கூப்பிட்டா கூட தெரியாது. அதுக்கப்புறம் இன்டர்னல் போஸ்டிங்ல அப்ளை பண்ணி முறையா இன்டர்வியூ குடுத்து ரிப்போர்ட்டிங் டீமுக்கு வந்து இப்ப ஒன்றரை வருஷம் ஆச்சு. இங்க டேட்டாவோட உக்காந்து வேலை பாக்குறது எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, தூக்கமும் வருது.

3 வாரம் முன்னாடி எஸ்கலேஷன் டெஸ்க்ல ஒரே மாசத்துல ரெண்டு பேர் பேப்பர் போட்டுட்டாங்க. அன்னிலேருந்து பழைய மேனேஜர், இப்ப இருக்கிற மேனேஜர், அவங்க ரெண்டு பேருக்கும் மேல இருக்கிறவர்னு மூணு பேரும் தனித்தனியா கூப்பிட்டு பேசுறாங்க. ‘ரெண்டே மாசம்தான்’னு ஒருத்தர், ‘உன்ன விட்டா யாரு இருக்கா’ன்னு ஒருத்தர், ‘அப்ரைசல் டைம்ல இதெல்லாம் பேசும்’னு ஒருத்தர். யோசிச்சு சொல்றேன்னு சொல்லி தள்ளிக்கிட்டே வர்றேன். அங்க இருக்கிற பிள்ளைங்க கஷ்டப்படுறத பாத்தா பாவமாவும் இருக்கு. நான் சுயநலமா யோசிக்கிறேனாக்கா?

பதில்: இல்லம்மா. இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா உங்க லெட்டர்ல அந்த கடைசி வரிதான் உங்கள தூங்க விடாம பண்ணுதுன்னு படிக்கும்போதே தெரியுது. ரெண்டு பேர் வேலைய விட்டுப் போனதுக்கு நீங்க காரணம் இல்ல, அவங்க இடத்துக்கு ஆள் எடுக்குற பொறுப்பும் உங்களோடது இல்ல. அந்த பிள்ளைங்க மேல உங்களுக்கு வர்ற பரிதாபம் நிஜம், ஆனா அந்த பரிதாபத்தத்தான் மூணு பேரும் மாத்தி மாத்தி இழுத்துக்கிட்டு இருக்காங்க.

உங்க லெட்டர்ல என்ன நிறுத்தி வச்ச இடம் அந்த ரிங்டோன் விஷயம். நாலரை வருஷம் ஒரு வேலைய அவார்டு வாங்குற அளவுக்கு பண்ணிட்டு, அம்மா கூப்பிட்டா கூட தெரியாத அளவுக்கு ஃபோன சைலன்ட்ல போட்டு வச்சிருக்கீங்க. நீங்க அத சாதாரணமா நடுவுல ஒரு வரியா எழுதிட்டுப் போயிட்டீங்க, எனக்கு அதுதான் முழு லெட்டரும். நல்லா பண்ற வேலையும் பிடிச்ச வேலையும் ஒண்ணு இல்லம்மா. மேனேஜர்ங்களுக்கு வெளிய தெரியிறது நீங்க நல்லா பண்ணினது மட்டும்தான், உங்களுக்கு உள்ள என்ன ஆச்சுங்கிறது எந்த ரிப்போர்ட்லயும் வராது. நீங்க அமைதியா பேசி கஸ்டமர குளிர வச்ச ஒவ்வொரு காலும் அவங்க கண்ணுக்கு ‘இவளுக்கு இது ஈஸி’ன்னுதான் பட்டிருக்கும்.

இதுக்கு ஒரு பேரே இருக்கு. 1983ல ஆர்லி ஹாக்ஸ்சைல்ட்னு ஒரு சமூகவியல் பேராசிரியர், விமானப் பணிப்பெண்களையும் கடன் பாக்கி வசூல் பண்றவங்களையும் வச்சு ஆராய்ஞ்சு, சம்பளத்துக்காக உள்ள இருக்கிற உணர்ச்சிய அடக்கி வெளிய வேற ஒண்ண காட்டுறதும் ஒரு உழைப்புதான்னு எழுதினாங்க, உணர்ச்சி உழைப்புன்னு சொல்லலாம். மூட்டை தூக்குறவருக்கு முதுகு வலிச்சா எல்லாருக்கும் புரியும், நாள் பூரா திட்டு வாங்கிக்கிட்டு ‘உங்க கஷ்டம் புரியுது சார்’னு சொல்றவங்களுக்கு எங்க வலிக்குதுன்னு வெளிய தெரியாது. அதோட 1979ல ராபர்ட் கராசெக்னு ஒருத்தர் ஒரு விஷயத்த சொன்னார், வேலைல நெருக்கடி அதிகமா இருக்கிறது மட்டும் ஆள சாய்க்கிறதில்ல, நெருக்கடி அதிகம் ஆனா முடிவெடுக்கிற உரிமை கம்மி, இந்த ரெண்டும் சேர்ந்தாத்தான் மோசம்னு. உங்க பழைய டெஸ்க்க நினைச்சுப் பாருங்க. கஸ்டமர் கத்துறது உங்க கிட்ட, ஆனா பணத்த திருப்பிக் குடுக்கிறதோ ரூல மாத்துறதோ எவ்வளவு தூரம் உங்க கைல இருந்துச்சு? அதனால ‘நான் மனசளவுல வீக்கோ’ன்னு எல்லாம் யோசிக்காதீங்க, அந்த வேலையோட அமைப்பே அப்படி.

இப்ப ‘ரெண்டே மாசம்தான்’ங்கிற வார்த்தைக்கு வருவோம், எனக்கு இத பாத்தாத்தான் பயமா இருக்கு. 1966ல ஃப்ரீட்மேன், ஃப்ரேசர்னு ரெண்டு பேர் கலிஃபோர்னியால ஒரு சோதனை பண்ணினாங்க. வீட்டு வாசல்ல ‘கவனமா வண்டி ஓட்டுங்க’ன்னு ஒரு பெரிய அசிங்கமான போர்டு நட்டுக்கலாமான்னு கேட்டப்ப 17 சதவீதம் பேர்தான் சரின்னாங்க. ஆனா ரெண்டு வாரம் முன்னாடியே அதே விஷயத்துல ஒரு குட்டி போர்ட ஜன்னல்ல வச்சுக்க சம்மதிச்சவங்க கிட்ட அந்த பெரிய போர்ட கேட்டப்ப 76 சதவீதம் பேர் சரின்னுட்டாங்க. சின்னதா ஒரு சரி சொல்லிட்டோம்னா அதுக்கப்புறம் வர்ற பெருசுக்கு மாட்டேன்னு சொல்ல நமக்கே வாய் வர மாட்டேங்குது. ரெண்டு மாசம்ங்கிறது அந்த குட்டி போர்டும்மா. உங்க மேனேஜர்ங்க வேணும்னு ஏமாத்துறாங்கன்னு நான் சொல்லல, அவங்களும் ரெண்டு மாசத்துல ஆள் வந்துடும்னு நிஜமாவே நம்பலாம். ஆனா நீங்க போய் உக்காந்த உடனே அங்க எரிஞ்சுக்கிட்டிருந்த நெருப்பு அணைஞ்சிடும், அணைஞ்ச நெருப்புக்கு யாரும் அவசரமா தண்ணி தேட மாட்டாங்க.

எனக்கு இது நடந்திருக்கு. பல வருஷம் முன்னாடி நான் வேலை பாத்த ஒரு இடத்துல, விட்டு வெளிய வந்த ஒரு வேலைக்கே ‘3 மாசம் மட்டும்’னு திரும்பிப் போனேன். அந்த மூணு மாசம் ஒரு வருஷம் 10 மாசமா இழுத்துச்சு. ஆனா அத விட வலிச்சது வேற, ரெண்டாவது மாசமே என் புது சீட்டுக்கு வேற ஒருத்தர போட்டுட்டாங்க. நான் என்னோட நோட்டு, டிராயர்ல வச்சிருந்த சால்வை எல்லாம் அப்படியே இருக்கும்னு நினைச்சுக்கிட்டு ஒருநாள் எடுக்கப் போறேன், அதெல்லாம் ஒரு அட்டைப் பெட்டில போட்டு சுவரோரமா வச்சிருந்துச்சு, பெட்டி மேல என் பேர மார்க்கர்ல எழுதியிருந்தாங்க. யாரையும் குத்தம் சொல்ல முடியல, அவங்களுக்கும் அங்க வேலை நடக்கணுமே. அதனால உங்க கிட்ட யாராவது ரெண்டு மாசம்னு சொன்னா உங்க முதல் கேள்வி ‘அந்த ரெண்டு மாசமும் என் சீட்டு என்ன ஆகும், இங்க என் வேலைய யாரு பாப்பாங்க’ன்னு இருக்கணும். பதில் உடனே வரலைன்னா அவங்க அத யோசிக்கவே இல்லன்னு அர்த்தம்.

மேனேஜர் பக்கமும் நான் இருந்திருக்கேன், அதையும் சொல்லணும். ஒரு இடம் காலியானா மேல இருக்கிறவங்க கேக்குற முதல் கேள்வி ‘எப்ப நிரப்புவ’. புதுசா ஆள் எடுக்க அப்ரூவல் வேணும், இன்டர்வியூ நடக்கணும், வர்றவங்க பழைய இடத்துல நோட்டீஸ் பீரியட் முடிக்கணும், அப்புறம் ட்ரெய்னிங். மாசக்கணக்குல இழுக்கும். அப்ப ஸ்க்ரீன்ல பேர் லிஸ்ட்ட திறந்து பாத்தா, ஏற்கனவே அந்த வேலை தெரிஞ்ச, இதுவரைக்கும் மாட்டேன்னு சொல்லாத ஒருத்தர் பேருலதான் கண்ணு போய் நிக்கும். நானும் அப்படி ஒரு பொண்ண திரும்ப கூப்பிட்டு உக்கார வச்சிருக்கேன், ‘உன்ன விட்டா யாரு’ன்னு இதே வார்த்தைய சொல்லித்தான். அந்த பொண்ணு அஞ்சாவது மாசம் பேப்பர் போட்டுட்டுப் போச்சு. இன்னிக்கும் எனக்கு அது உறுத்துது. அவங்க தேடுறது உங்கள இல்லம்மா, இருக்கிறதுலயே சுலபமான வழிய. உங்க பதில் தெளிவா இல்லாத வரைக்கும் அந்த சுலபமான வழி நீங்கதான்.

சரி, இப்ப என்ன பண்றது. ‘யோசிச்சு சொல்றேன்’ங்கிறத இன்னியோட நிறுத்துங்க. நீங்க அத மரியாதையான மறுப்புன்னு நினைச்சு சொல்றீங்க, கேக்குறவங்க காதுல அது பாதி சம்மதமாத்தான் விழும், அதனாலதான் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வர்றாங்க, இன்னும் கொஞ்சம் பேசினா முழுசா வந்துடும்னு. முடிவ எழுத்துல குடுங்க, மூணு பேரையும் ஒரே மெயில்ல வச்சு குடுங்க. தனித்தனியா பேசுறப்ப ஒருத்தர் கிட்ட சொன்னது இன்னொருத்தருக்கு வேற மாதிரி போகும், ஒரே மெயில்னா அந்த சந்து அடைஞ்சிடும்.

இதுல ஒரு விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க, காரணத்த அடுக்காதீங்க. நம்மள மாதிரி ஆளுங்க மாட்டேன்னு சொல்ல கூச்சப்பட்டுக்கிட்டு பத்து காரணம் சொல்வோம், ஷிஃப்ட் ஒத்து வரல, இங்க ஒரு ப்ராஜெக்ட் பாதில நிக்குது, உடம்பு சரியில்ல, வீட்ல இப்படின்னு. ஒவ்வொரு காரணமும் அவங்களுக்கு தீர்த்து வைக்க வேண்டிய ஒரு பிரச்சினை. ஷிஃப்ட்ட மாத்தித் தர்றேன்பாங்க, ப்ராஜெக்ட்ட வேற ஆளுக்கு குடுத்துடலாம்பாங்க, எல்லாத்தையும் தீர்த்து வச்சப்புறம் ‘இப்ப என்ன தடை’ன்னு கேட்டா உங்க கைல ஒண்ணும் இருக்காது. முடிவ மட்டும் சொன்னா அதுல தீர்த்து வைக்க ஒண்ணும் இல்ல. இந்த மாதிரி எழுதுங்க:

‘வணக்கம். எஸ்கலேஷன் டெஸ்க்குக்கு திரும்ப வர்றதப் பத்தி நீங்க மூணு பேரும் கேட்டிருந்தீங்க. நல்லா யோசிச்சேன். நான் அந்த வேலைக்கு திரும்ப வரல, ரிப்போர்ட்டிங் வேலையிலேயே தொடர்றேன். அங்க புதுசா வர்றவங்களுக்கு கத்துக்குடுக்க அடுத்த 4 வாரத்துக்கு வாரம் 3 மணி நேரம் ஒதுக்க முடியும், கால் எடுக்கிறது அதுல சேராது. என் மேல வச்ச நம்பிக்கைக்கு நன்றி.’

அவ்வளவுதான். அந்த ‘திரும்ப வரல’ங்கிற வாக்கியத்துல ‘முடியுமான்னு பாக்குறேன்’, ‘இப்போதைக்கு’ மாதிரி வார்த்தை எதுவும் வரக்கூடாது, ‘இப்போதைக்கு’ன்னு போட்டீங்கன்னா அடுத்த மாசம் திரும்ப கேப்பாங்க.

அந்த வாரம் 3 மணி நேரத்த நான் சும்மா நல்ல பேரு வாங்க சேக்கல. உங்களுக்கு அந்த பிள்ளைங்க மேல இருக்கிற பாசத்துக்கு ஒரு வழி வேணும், இல்லன்னா அந்த பாவமே உங்கள இழுத்துட்டுப் போயிடும். நாலரை வருஷத்துல நீங்க கத்துக்கிட்டது, கஸ்டமர் கத்த ஆரம்பிச்ச முதல் நிமிஷத்துல என்ன பேசணும், எங்க பேசாம விடணும், எந்த கால மேல அனுப்பிடணும், இத ஒரு பத்து பக்கம் எழுதிக் குடுத்தாலே பெரிய உதவி. வேலைய சொல்லிக் குடுக்கிறது வேற, அந்த வேலைல உக்கார்றது வேற. தேதியும் மணிக்கணக்கும் மெயில்ல இருக்கட்டும், ‘இந்த ஒரு கால் மட்டும் எடுத்துடேன்’னு வந்தா அந்த மெயில காட்டுங்க. முதல் கால எடுத்தீங்கன்னா முடிஞ்சது.

அப்ரைசல்னு சொன்னவரப் பத்தி. அது மிரட்டலா இல்ல வாய் தவறி வந்ததான்னு இப்ப தெரியாது, அதனால சண்டைக்கும் போக வேண்டாம், கேக்காத மாதிரியும் இருக்க வேண்டாம். இப்பவே அவருக்கு ஒரு சின்ன மெயில் போடுங்க, ‘அன்னிக்கு பேசினப்ப இந்த மாற்றத்துக்கும் என் அப்ரைசலுக்கும் தொடர்பு இருக்குன்னு சொன்னீங்க, நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனா’ன்னு. நிறைய பேர் எழுத்துல கேட்ட உடனே ‘அப்படி சொல்ல வரல’ன்னு பின்வாங்கிடுவாங்க. ஆமான்னு பதில் வந்தா அது எச்ஆர் கிட்ட எடுத்துட்டுப் போற பேப்பர். இதோட உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரையும், ரிப்போர்ட்டிங் டீமுக்கு மாறினப்ப குடுத்த லெட்டரையும் எடுத்து வச்சு ஒரு தடவ நிதானமா படிங்க. நிர்வாகத் தேவைக்கு ஏத்த மாதிரி எந்த வேலைக்கும் மாத்தலாம்னு ஒரு வரி நிறைய லெட்டர்ல இருக்கும். இருந்தா அவங்க உத்தரவா போட வாய்ப்பு இருக்கு, அந்த வரி எவ்வளவு தூரம் செல்லும்கிறது நாட்டுக்கு நாடு மாறும், அப்படி ஒரு நிலைமை வந்தா தொழிலாளர் சட்டம் தெரிஞ்ச ஒரு வக்கீல்கிட்டயோ யூனியன் இருந்தா அங்கயோ காட்டிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க. கோவத்துல வேலைய விட்டுடுறேன்னு மட்டும் எழுதிக் குடுத்துடாதீங்க.

ஆனா ரெசுமேய அப்டேட் பண்ணி வைங்க, அமைதியா நாலு இடத்துல விசாரிங்க. இது மிரட்ட இல்ல. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன்னு ஒரு பொருளாதார அறிஞர் 1970ல எழுதினார், ஒரு அமைப்பு பிடிக்கலன்னா மனுஷனுக்கு இருக்கிறது வெளிய போறது, இல்ல உள்ள இருந்தே குரல் குடுக்கிறது, வெளிய போக வழி இருக்கிறவங்க குடுக்கிற குரலுக்குத்தான் பலம் அதிகம்னு. போக ஒரு இடம் இருக்குன்னு உங்களுக்கே தெரிஞ்சா அந்த மெயில அனுப்புற கை நடுங்காது.

இன்னும் ஒண்ணு. எரிஞ்சு போறதுன்னு சொல்வாங்களே, பர்ன்அவுட், உலக சுகாதார நிறுவனம் 2019ல தன்னோட வகைப்பாட்டுல அதுக்கு விளக்கம் குடுத்துச்சு. அத நோய்னு சொல்லல, சமாளிக்க முடியாம நாள்பட்டுப் போன வேலை நெருக்கடியால வர்ற ஒண்ணுன்னு சொன்னாங்க, அதுக்கு மூணு அடையாளமும் குடுத்தாங்க, சக்தியே வத்திப் போறது, வேலை மேல ஒரு விலகலும் வெறுப்பும் வர்றது, நம்மளால உருப்படியா பண்ண முடியலன்னு தோணுறது. உங்களுக்கு அந்த படபடப்பு இந்த 3 வாரத்துல திரும்ப வந்திருக்கான்னு நீங்க எழுதல. வந்திருந்தா ஒரு டாக்டர பாருங்கம்மா, மேனேஜருக்கு காட்ட சர்டிஃபிகேட் வாங்க இல்ல, உங்களுக்காக. ஃபோன சைலன்ட்லேருந்து எடுத்துட்டீங்களான்னும் எனக்கு ஒரு வரி எழுதுங்க.

கேள்வி: அக்கா, என் கேஸ் இன்னும் மோசம், நான் சரின்னு சொல்லி போயிட்டேன். நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் வேலை, 3 மாசம்னாங்க, இப்ப 5 மாசம் ஆகுது, கேட்டா ‘அடுத்த மாசம் பாக்கலாம்’னே சொல்றாங்க. வெளிய வர வழி இருக்கா?

பதில்: இருக்கு தம்பி, ஆனா நீங்க ‘எப்ப அனுப்புவீங்க’ன்னு கேக்குற வரைக்கும் வராது, ஏன்னா அந்த கேள்விக்கு ‘அடுத்த மாசம்’னு எத்தன தடவ வேணாலும் பதில் சொல்லலாம். நீங்க அந்த சீட்ல உக்காந்திருக்கிற வரைக்கும் அவங்க கணக்குல அது காலியிடமே இல்ல. அதனால தேதிய நீங்க வைங்க. ‘3 மாசம்னு பேசினோம், இப்ப 5 ஆச்சு, இன்னியிலேருந்து 4 வாரம் கழிச்சு, இங்க வர்றதுக்கு முன்னாடி பாத்த வேலைக்கு நான் திரும்புறேன், இந்த 4 வாரத்துல யாருக்கு சொல்லிக் குடுக்கணும்னு சொல்லுங்க’ன்னு எழுதுங்க. முதல்ல பேசினப்ப 3 மாசம்னு சொன்ன மெயிலோ மெசேஜோ ஒரு வரியாவது இருக்கும், தேடி எடுத்து அத அதே மெயில்ல சேருங்க. வாய் வார்த்தையாத்தான் சொன்னாங்கன்னா அது எந்த நாள், யாரு கூட இருந்தாங்கன்னு நீங்களே எழுதி வைங்க, நாள் ஆக ஆக உங்களுக்கே மறந்து போகும். 4 வாரத்துக்கு அப்புறம் ஒரு நாள் கூட சும்மா நீட்டிக்காதீங்க, நீட்டிச்சே ஆகணும்னா உங்க இடத்துக்கு ஆள் சேரப்போற தேதி எழுத்துல வரட்டும். அவ்வளவு நாள் நைட்ல முழிச்சு உடம்பு என்ன ஆயிருக்குன்னும் பாத்துக்கங்க.

கேள்வி: மேடம், நான் அந்தப் பக்கம் இருக்கிற மேனேஜர். டீம்ல ஒரு பையன் விட்டுட்டு வந்த வேலைக்கே அவன திரும்ப அனுப்ப சொல்லி எனக்கு மேலேருந்து பிரஷர். அவனுக்கு பிடிக்கலன்னு முகத்துலயே தெரியுது. நான் என்ன பண்ண முடியும்?

பதில்: கேட்டதுக்கே நன்றி சார். முதல்ல அந்த பையன தனியா கூப்பிட்டு, முடியாதுன்னு சொன்னா அது முடியாதுதான், அதுக்காக உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டு அப்புறம் கேளுங்க. அந்த உறுதிய குடுக்க உங்களால முடியலன்னா கேக்காதீங்க, ஏன்னா அதுக்கப்புறம் அவன் சொல்ற சரி சரியே இல்ல. அடுத்தது, அந்த இடத்த விட்டுப் போனவங்க ஏன் போனாங்கன்னு மேல இருக்கிறவங்க கிட்ட எழுத்துல கேளுங்க. ஷிஃப்ட்டா, ஆள் கம்மியா, முடிவெடுக்கிற உரிமை இல்லாததா? அத சரி பண்ணாம இந்த பையன அனுப்பினா ஆறு மாசத்துல அதே லிஸ்ட்ட திறந்து வச்சுக்கிட்டு நீங்க இன்னொரு பேர தேடிக்கிட்டு இருப்பீங்க, இந்த பையனும் உங்க டீம்ல இருக்க மாட்டான். தற்காலிகமா ஆள் வேணும்னா ஒருத்தர் தலைல கட்டாம, விருப்பம் இருக்கிற நாலு பேர ஆளுக்கு ரெண்டு வாரம்னு பிரிச்சு விடலாம், முடியிற தேதிய போர்டுல எல்லாரும் பாக்குற மாதிரி எழுதிப் போடலாம். மேலேருந்து அதுக்கும் ஒத்துக்கலன்னா, ‘அவன அனுப்ப எனக்கு சம்மதம் இல்ல, காரணம் இது’ன்னு உங்க பேர்ல ஒரு மெயில் போட்டு வைங்க. அந்த பையனுக்கு நாளைக்கு கைல காட்ட அது ஒண்ணாவது இருக்கும்.